நீதிமன்றும் உரைபெயர்ப்பும்

சிலப்பதிகாரம் பயின்றோர் எவரும் வழக்குரை காதையை மறவார். பாண்டியன் அவைக்களத்திலே கண்ணகி தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தாள். அரசன் அதனைத் தன் செவியாற் கேட்டான். தீர்ப்பும் அவ்விடத்திலேயே பிறந்தது. சோழநாட்டுப் பெண்ணின் மொழியும் பாண்டிநாட்டு மன்னனின் மொழியும் ஒன்றாயிருந்தமையால், இடையே ஒருவர் நின்று அவள் சொல்லை வேறு சொல்லாக்கிக் கொடுக்கவேண்டிய தேவை நேர்ந்திலது. அவள் மொழிபெயர்தேயத்திலிருந்து வந்தவளாய்த் தன் மொழியிலே அழுதரற்றியிருப்பின் மன்னன் யாது செய்திருப்பான்? அவையிலிருந்த ஒருவரை அழைத்து, "இவள் கூறுவது யாது?" என்று வினவியிருப்பான். அவ்வொருவர் 'மாணிக்கம்' என்றதை 'முத்து' என்று மாற்றிச் சொல்லியிருந்தால் காப்பியமே வேறாகியிருக்கும்.

இக்காதையை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் இவ்வெண்ணம் எனக்கு வேடிக்கையாகவே தோன்றிவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியின் பின்னர் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

யான் வாழும் கிருலப்பனையிலே, எங்கள் ஒழுங்கையின் கோடியில், கட்டட வேலை செய்து பிழைக்கும் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்கின்றார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். கடைத்தெருச் சிங்களம் நன்கறிவார். நீதிமன்றச் சிங்களம் அறியார். வேலைத்தலத்தில் நடந்த கைகலப்பொன்றிலே ஒருவரைக் காயப்படுத்தினார் என்று அவர்மீது வழக்கு வந்தது. அவருடைய பிள்ளை என்னிடம் படித்தவன். அவன் தாயார் வந்து, "சேர், நீங்க கூட வந்தா அவருக்குத் தைரியமா இருக்கும்" என்று கேட்டமையால் யானுஞ் சென்றேன். எந்த நீதிமன்று என்பது இங்கே வேண்டாததொன்று.

எதிரிக்கூட்டில் நின்றவர் நடந்ததைச் சொன்னார்: "ஐயாதான் மொதல்ல என்னயப் புடிச்சுத் தள்ளுனாரு." ஐயா என்று அவர் குறித்தது வேலையை மேற்பார்வை செய்த பெரியவரை. தோட்டத்திலே துரைக்கும், கணக்கப்பிள்ளைக்கும், மேலாளர் எவர்க்கும் அச்சொல்லே வழங்கும். உரைபெயர்ப்பாளர் அச்சொல்லை அப்படியே சிங்களத்திலே வைத்துவிட்டார். சிங்களத்தில் 'அய்யா' என்றால் தமையன். நீதவான் நியாயமாகவே கேட்டார்: "உம்முடைய தமையனும் அங்கே நின்றாரா?" வினா தமிழாகி வந்தது. "எனக்கு அண்ணன் கெடையாதுங்களே" என்றார் நம்மவர். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதனைக் கைவிடுவாரா? முதலில் தமையன் தள்ளினான் என்றீர், இப்போது தமையனே இல்லை என்கின்றீர், எது பொய் என்று நெருக்கினார். நம்மவர் திகைத்து வாயடைத்துப் போனார். அவருக்காகத் தோன்றிய சட்டத்தரணி தமிழறியாதவர். யானோ பொதுமக்கள் வாங்கிலே இருந்தேன். வகுப்பறையிற் பிழை கண்டவிடத்து உடனே திருத்திப் பழகிய நாக்கு அன்று பல்லுக்குள்ளே கிடந்தது. அங்கே எழுந்து பேச எனக்கு உரிமையில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே தந்தையையும் 'ஐயா' என்றே அழைப்பர். ஆக, ஓரொலிக்கு ஒரு வீட்டிலே தந்தை, ஒரு தோட்டத்திலே தலைவர், அயல்மொழியிலே தமையன். இம்மூன்றனுள் எது என்று தெரிந்து சொல்லவேண்டியவர் அந்தச் சபையிலே ஒரே ஒருவர். அவர் தெரிந்து சொல்கின்றாரா என்று பார்ப்பதற்கு இரண்டாமவர் இல்லை. இவ்வொருவரைப் பற்றியதே இக்கட்டுரை.

இனி, இப்பணி நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கொழும்பு நீதிமன்றுகள் நிற்கும் இடத்தை நாம் புதுக்கடை என்கின்றோம். சிங்களரும் அப்பொருள்படவே அளுத்கடை என்பர். ஆங்கிலத்திலே அதற்கு ஹல்ஸ்ரொப் என்று பெயர். 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்வ்ற் என்பவரின் பெயரால் வந்தது அது. வழக்காடச் செல்வோர் மும்மொழியிலே பெயர் பெற்ற ஓரிடத்துக்கே செல்கின்றனர் என்பது பொருத்தமான ஒன்றுதான்.

அவ்வொல்லாந்தர் காலத்திலே நடந்த ஒரு செய்தி நம் கருத்திற்கு மிக வேண்டியது. யாழ்ப்பாணத்தவரின் வழக்காறுகளைச் சட்டநூலாக்க வேண்டுமென்று ஆள்பதி சைமன்ஸ் பணித்தபோது, திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவற்றைத் திரட்டி 1707இல் ஒல்லாந்த மொழியிலே எழுதிமுடித்தார். அத்துடன் காரியம் முடிந்துவிட்டது என்று அவர்கள் விடவில்லை. யான் பீருஸ் என்பவரைக்கொண்டு அதனைத் தமிழாக்கி, தமிழ் முதலிமார் பன்னிருவர் கையிலே கொடுத்து, இது உங்கள் வழக்காறுதானா என்று பார்க்கச் செய்தனர். அவர்கள் படித்து ஒப்பிய பின்னரே தேசவழமை சட்டமாயிற்று. தமிழர் வாய்மொழி ஒல்லாந்தமாகி, மீண்டும் தமிழாகி, உரியவர் கண்முன் வந்து நின்றது. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க இதனினுஞ் சிறந்த முறை இன்றும் இல்லை. பன்னிருவர் என்னும் எண்ணை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே நீதிமன்றின் மொழி ஆங்கிலமாயிற்று. நீதிபதி ஆங்கிலேயர், வழக்காளி தமிழரோ சிங்களரோ. அப்புக்காத்தும் பிறக்கிராசியும் தமக்குள் ஆங்கிலத்திலே வாதிட்டனர். இருபுறத்தையும் இணைத்தவர் உரைபெயர்ப்பாளரே. அவருக்கு முதலியார் என்னும் பட்டம் வழங்கியது. பட்டமுறை மறைந்த பின்னரும் நீதிமன்று உரைபெயர்ப்பாளரை இன்றும் முதலியார் என்றே அழைக்கின்றனர். நம்மவருட் பேர்பெற்றோர் சிலர் இத்தொழில் வழியே உயர்ந்தவர்கள். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்து அரசாங்கத்தின் தலைமைத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகி, 1835இற் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் முதலில் அமர்ந்த குமாரசுவாமி முதலியார் அத்தகையவர். சேர். பொன். இராமநாதன், சேர். பொன். அருணாசலம், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆகிய மூவர்க்கும் அவர் பாட்டனார் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. கற்பிட்டியிற் பிறந்து, 'தமிழ் புளூராக்' என்னும் நூலை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியும் இளமையிற் புத்தளம் நீதிமன்றிலே மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, ஈற்றிற் சிலாபத்தில் நீதிபதியாயினார்.

ஆனால் ஏழைக் குடியானவனுக்கு அம்முறை எவ்வாறு தோன்றியது? அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து நீதிபதிப் பணியும் பார்த்த லெனாட் வூல்வ், 1913இல் வெளியிட்ட ஆங்கில நாவலிலே, தன் விதியைத் தீர்க்கும் விசாரணையின் ஒரு சொல்லும் விளங்காமற் கூட்டில் நிற்கும் காட்டுக்கிராமத்தவனைக் காட்டுகின்றார். தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் இருந்த ஒருவரே எழுதியமையால் அக்காட்சிக்கு மதிப்பு மிகுதி.

நாடு விடுதலையடைந்த பின் ஆங்கிலம் இறங்கியது. அவ்விடத்தில் எம்மொழி ஏறுவது என்பது பெருஞ் சிக்கலாயிற்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்றுகளுட் கொணர வழிவகுத்தது. 1972ஆம் ஆண்டு யாப்பு அதனை உறுதிப்படுத்தியது. அடுத்த ஆண்டிலே வடக்கு, கிழக்கு நீதிமன்றுகளில் தமிழுக்கு இடமளித்துச் சிறப்புச் சட்டமொன்று வந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பும், அதற்கு 1988இற் செய்யப்பட்ட பதினாறாவது திருத்தமும் இன்றைய நிலையை அமைத்தன. இவ்வாண்டுகளுக்கிடையே நாடு பட்ட பாட்டை நும்மிற் பலர் நேரிற் கண்டவர்கள்; அதனை விரித்தல் ஈண்டு வேண்டா.

இன்றைய யாப்பின் 24ஆம் உறுப்புரை கூறுவது இதுவாம். இலங்கை முழுவதும் சிங்களமும் தமிழும் நீதிமன்றுகளின் மொழிகள். தமிழ் நிருவாக மொழியாகவுள்ள பகுதிகளில் நீதிமன்று தமிழில் நடைபெறும். ஏனைய இடங்களிற் சிங்களத்தில் நடைபெறும். பதிவேடும் அவ்வம்மொழியிலேயே இருக்கும். மேன்முறையீடு வேறுமொழியில் நடக்கும் நீதிமன்றுக்குப் போனால் பதிவேட்டை அம்மொழியிலும் ஆக்கவேண்டும். அமைச்சரவையின் இணக்கத்தோடு நீதியமைச்சர் ஆங்கிலத்தைப் பயன்படுத்தவும் பணிக்கலாம். உயர்நீதிமன்றிலும் மேன்முறையீட்டு நீதிமன்றிலும் ஆங்கிலம் வழங்குவது இதனாலே. இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நீதிமன்றின் மொழியை அறியாத நீதிபதிக்கோ, யூரருக்கோ, வழக்கின் தரப்பினருக்கோ, அவர்தம் சட்டத்தரணிக்கோ, சிங்களத்திலேனும் தமிழிலேனும் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற உரிமையுண்டு. அதனை அரசே வழங்கவேண்டும். காசு கேட்கக்கூடாது. வழக்கை விளங்கிக்கொள்வதற்கு மட்டுமன்றி, அதிலே பங்குபற்றுவதற்கும் அவ்வுரிமை என்று யாப்புச் சொல்கின்றது. இப்'பங்குபற்றுதல்' என்னுஞ் சொல் மிக நுட்பமானது. விளங்காதவன் கூட்டிலே நின்றாலும் அங்கே இல்லாதவனே யாவன். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும், உலக உடன்படிக்கையைப் பின்பற்றி, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரைபெயர்ப்பாளரின் துணையை உரிமையாக்கியுள்ளது.

உரிமை இவ்வாறு நிறைவாகவே உள்ளது. அதனைக் கையிற் கொண்டுவந்து கொடுக்கும் பணி எவ்வாறு அமைந்துள்ளது? பிரதம நீதியரசரைத் தலைவராகக் கொண்ட நீதிச்சேவை ஆணைக்குழுவே நீதிமன்று உரைபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்கின்றது. சிங்களம்–தமிழ், சிங்களம்–ஆங்கிலம் என மொழியிணை குறித்து விண்ணப்பங் கோரப்படும். இவர்கள் வேறு, அலுவலகங்களிலே எழுத்து வேலை பார்க்கும் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் வேறு, பிறப்புச் சான்றிதழும் உறுதியும் மொழிபெயர்த்துக் கையொப்பமிட்டுத் தரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேறு. எழுதுபவருக்கு அகராதி புரட்ட நேரமுண்டு. நீதிமன்றில் நிற்பவருக்கு அது இல்லை.

அவர் செய்வதும் உரைபெயர்ப்பு மட்டுமன்று. நீதிபதியின் ஆசனத்துக்குக் கீழே நின்று வழக்கை அழைப்பவர் அவரே. குற்றப்பத்திரத்தை வாசித்துக் காட்டி, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பவரும் அவரே. ('சுற்றவாளி' என்னுஞ் சொல் 'சுத்தவாளி' என்பதன் திரிபு போலும், குற்றவாளிக்கு எதுகையாக யாரோ ஒரு பழைய முதலியார் இயற்றியதாகவே எனக்குத் தோன்றும்.) சாட்சிக்குச் சத்தியஞ் செய்விப்பவரும் அவரே. கிறித்தவர் விவிலியத்தைத் தொட்டுச் சத்தியஞ் செய்வர். நம் சைவரும் பௌத்தரும் உறுதிமொழி கூறுவர். 1895ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டுள்ளது. இவ்வளவையும் ஒருவரே பார்க்க, அடுத்த அறையிலே தமிழ்ச் சாட்சி வந்திருக்கின்றார் என்று ஆள் வந்து அழைக்கும். யான் சென்ற அன்று அந்த முதலியார் உச்சிவேளைக்கு முன் மூன்று அறைகளுக்கு ஓடினார். அவர் வராமையால் ஒரு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. சாட்சி சொல்ல வந்த முதியவள் ஒருத்தி பேருந்துக் காசை எண்ணிக்கொண்டு திரும்பினாள். 'ஐயா' என்பதிற் பிழைத்தவர் இவர்தாம். அவர்மேற் குறைகூற எனக்கு மனமில்லை. ஆள்போதாமை அவர் செய்த குற்றமன்று.

இனி, இதனின் ஆழமான குறையொன்றைக் காட்டுதல் வேண்டும். சிங்களம் நீதிமன்று மொழியான இடத்திலே தமிழ்ச் சாட்சி தமிழிற் பேசுகின்றார். உரைபெயர்ப்பாளர் அதனைச் சிங்களமாக்குகின்றார். சுருக்கெழுத்தர் எழுதிக்கொள்வது சிங்களத்தையே. தமிழ் நீதிமன்றிலே சிங்களச் சாட்சி சொல்லும்போதும் இதுவே நடக்கும். ஆகவே பதிவேட்டிலே நிற்பது சாட்சியின் சொல்லன்று, உரைபெயர்ப்பாளரின் சொல். சாட்சியின் சொல் காற்றோடு போயிற்று. பின்னர் மேன்முறையீட்டிலே எத்துணை அறிவுடைய நீதியரசர் அப்பதிவேட்டைப் புரட்டினும், தமையன் தள்ளினான் என்றும் தமையனே இல்லை என்றும் இரண்டு வரிகள் முரண்பட்டு நிற்பதையே காண்பார். பிழை எங்கே நேர்ந்தது என்று காட்டுந் தடயம் ஒன்றும் இராது. தேசவழமையைப் பார்க்கப் பன்னிருவர் இருந்தனர். ஓர் ஏழையின் வாக்கைப் பார்க்க ஒருவருமில்லை.

பிழை நேர இடமுள்ள சொற்கள் எத்தனையோ. தமிழாசிரியன் என்ற முறையிலே சிலவற்றைக் குறிக்கின்றேன். தேயிலைத் தோட்டத்திற் கவ்வாத்துக் கத்தி என்பது செடி வெட்டுங் கருவி. வேலை முடிந்து வருபவன் கையிலே அது இருப்பது இயல்பு. அதனைப் 'பெரிய கத்தி' என்று பெயர்த்தால், ஆயுதத்தோடு வந்தான் என்றாகிவிடும். 'தண்ணி போட்டிருந்தான்' என்பதிலே தண்ணீர் இல்லை என்பதை நாம் அறிவோம்; நூல்வழித் தமிழ் கற்றவர் அறியார். வடக்கிலே ஒருவர் 'அடிச்சுப்போட்டான்' என்றால் அடித்தான் என்பதே பொருள்; 'போட்டான்' என்பது வெறுந் துணைவினை. அதனை அடித்து வீழ்த்தினான் என்று பெயர்த்தால் காயம் கொலைமுயற்சியின் எல்லைக்குப் போய்விடும். 'மைமல்', 'செக்கல்' என்று வடக்கிலும் கிழக்கிலும் சொல்லும் பொழுது, ஆளின் முகம் தெரியும் தெரியாமலிருக்கும் வேளை. வந்தவன் இன்னான் என்று சாட்சி கூறுவதை நம்பலாமா என்பது அவ்வொரு சொல்லிலே தங்கியிருக்கும். அதனை 'இரவு' என்றால் சாட்சி பொய்யன். 'மாலை' என்றால் எதிரி தப்பமாட்டான்.

இவற்றுளெல்லாம் மிக இடரானது 'ஓம்' என்பது. நம்மவர் ஒருவர் பேசும்போது மற்றவர் இடையிடையே 'ஓம், ஓம்' என்பார். கேட்டுக்கொண்டிருக்கின்றேன் என்பதே அதன் கருத்து. குற்றப்பத்திரம் வாசிக்கும்போது ஒருவர் மரியாதைக்காக ஓம் போட்டால், அது ஒப்புதலாக எழுதப்படுமாயின் என்னாவது? தலையசைப்பும் அவ்வாறே.

இதிலே நம் தமிழாசிரியர்க்கும் ஒரு பங்குண்டு. நாம் கற்பிக்கும் செந்தமிழ் சாட்சிக்கூட்டுக்கு வருவதில்லை. அங்கே வருவது நாம் வகுப்பிலே சிவப்பு மையாற் கோடிடும் தமிழ். வட்டார வழக்கை இழிசனர் வழக்கென்று தள்ளிவிட்டமையால், அதனை முறையாகத் தொகுத்து உரைபெயர்ப்பாளர் கையிற் கொடுக்க நம்மிடம் ஏற்றதொரு நூலில்லை. மலையகச் சொற்களில் என் அறிவு மிகக் குறைவு என்பதை அன்று வாங்கிலிருந்தபோதுதான் உணர்ந்தேன்.

பிழை நீதிமன்றிலே தொடங்குவதுமன்று. அதற்கு முன்னரே, பொலிசு நிலையத்திலே, வாக்குமூலம் எழுதும்போதே தொடங்கிவிடுகின்றது. இதற்கு உலகறிந்த சான்று சிங்கராசா வழக்கு. மட்டக்களப்பு மாவட்டத்தில் 1993இற் கைதான அவர் தமிழ் மட்டுமே அறிந்தவர். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், உதவிப் பொலிசு அத்தியட்சரொருவரும் ஒரு காவலருமே உடனிருக்க அவருடைய வாக்குமூலம் எடுக்கப்பட்டது. தமிழுக்கும் சிங்களத்துக்குமிடையே உரைபெயர்த்தவர் அக்காவலர், தட்டெழுதியவரும் அவரே. தாம் படிக்கவியலாத சிங்களத் தாளிலே எதிரியின் ஒப்பம். 1995இல் மேல் நீதிமன்று அவ்வாக்குமூலங்கொண்டு ஐம்பதாண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டிலே அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல், அத்தகைய சூழ்நிலையிற் பெற்ற வாக்குமூலத்தை மட்டுமே நம்பித் தண்டித்தமை நீதியான விசாரணையாகாது என்று கூறியது. 2006இல் நம் உயர்நீதிமன்று அக்கருத்து இந்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், புலன் விசாரிப்பவரும் உரைபெயர்ப்பவரும் எழுதுபவரும் ஒருவராயிருத்தல் ஆகாது என்பதை உணரச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் இதனை உணர்ந்து, பொலிசு நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி அறிந்த அலுவலர் இருக்கவேண்டுமென்றும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியிலே வாக்குமூலம் எழுதுவித்தல் அவருரிமையென்றும் கூறிற்று.

பிறநாட்டார் இதனை எவ்வாறு கண்டனர்? கேரளத்துக் குடியானவர் ஒருவர், மலையாளமன்றி வேறறியாதவர், மொரீசியசிலே போதைப்பொருள் வழக்கிற் சிக்கினார். உரைபெயர்ப்பாளர் அருகிலே இருந்தார். ஆனால் சாட்சிகள் கூறியதை அவருக்குச் சொல்லவில்லை. அவர்தம் வழக்கறிஞரும் அதுபற்றி வாய்திறக்கவில்லை. மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1993இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை அழித்தது: தனக்கெதிரான சாட்சியம் விளங்காதவன் விசாரிக்கப்பட்டவனாகான். கனடாவிலே 1994இல் திரான் என்னும் வியட்நாமியரின் வழக்கில், உரைபெயர்ப்பாளரே எதிரிக்காகச் சாட்சியும் சொன்னார்; தாம் சொன்னதைச் சுருக்கியே எதிரிக்குப் பெயர்த்தார். அந்நாட்டு உயர்நீதிமன்று மறுவிசாரணைக்குப் பணித்து, உரைபெயர்ப்பு இடையறாததாய், திட்பமானதாய், நடுநிலையானதாய், தகுதியுடையார் செய்வதாய், பேச்சுடன் ஒருங்கு நிகழ்வதாய் இருக்கவேண்டுமென்று அளவுகோல் வகுத்தது. ரொறன்ரோவிலே வாழும் நம் பழைய மாணவர் அதன் பயனை இன்று நுகர்கின்றனர். சிங்கப்பூரிலும் தமிழுரைபெயர்ப்பாளர் நீதிமன்ற அலுவலராகவே உள்ளனர்.

எல்லாம் மேல்நாட்டிற் செம்மை என்று கருதிவிடவேண்டா. இங்கிலாந்திலே 2012இல் இப்பணி முழுவதையும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தங்கொடுத்தனர். ஊதியம் குறைந்தமையாற் பயின்ற உரைபெயர்ப்பாளர் பலர் விலகினர், வழக்குகள் தடைப்பட்டன, பாராளுமன்றக் குழுக்கள் கண்டித்தன. நம் நாட்டிலே அவர் நீதிச்சேவை ஆணைக்குழுவின்கீழ் இருப்பது, குறைகள் உளவாயினும், அதனினும் நல்ல ஏற்பாடென்பதே என் கருத்து.

நூரம்பேர்க் நகரிலே 1945இலும் 1946இலும் நடந்த போர்க்குற்ற விசாரணை மற்றொரு பாடம். ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், ஜெர்மன் என நான்கு மொழி. செவிக்கருவி வழியாகப் பேச்சுடன் பேச்சாக உரைபெயர்ப்பு ஓடிற்று. பேசுபவர் விரைந்தால் உரைபெயர்ப்பாளர் மஞ்சள் விளக்கை எரியவிடுவார். நிறுத்தவேண்டுமாயின் சிவப்பு விளக்கு. நீதிபதியாயினும் அவ்விளக்குக்கு அடங்கவேண்டும். அதனினுஞ் சிறப்பு, எல்லாப் பேச்சும் மூலமொழியிலே ஒலிப்பதிவாயின. பின்னர் எழுத்துப்படியை அப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தினர். ஏறக்குறைய எண்பதாண்டுக்கு முன், இசைத்தட்டுக்களிலே, இடிந்த நகரொன்றிலே இது கைகூடிற்று. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கின்றது. சாட்சியின் சொந்தச் சொல்லை நீதிமன்று தன் பொறுப்பிற் பதிவுசெய்து வைத்திருந்தால், ஐயம் எழுந்தவிடத்து மீண்டும் கேட்கலாம். பன்னிருவர் வேண்டியதில்லை, இரண்டாவது செவி ஒன்று போதும்.

நம் அயலவர் கதைக்கு வருவோம். அன்று இடைவேளையிலே யான் அவருடைய சட்டத்தரணியைக் கண்டு 'ஐயா'வின் மூன்று பொருளையும் விளக்கினேன். அவர் நெற்றியிலே தட்டிக்கொண்டார். அடுத்த தவணையிலே அவர் அதனை மன்றுக்கு எடுத்துரைக்க, நீதவான் முதலியாரை நோக்கினார். அவர் தயங்காமல், "அது என்னுடைய பிழை. அச்சொல்லை யான் சிங்களமாக எண்ணிவிட்டேன்" என்று எல்லோர் முன்னிலும் கூறினார். பதிவேடு திருத்தப்பட்டது. வழக்குப் பின்னர் இருதரப்பு இணக்கத்திலே முடிந்தது. தம் தொழிலின் மதிப்பைப் பணயம் வைத்து அவ்வொரு வாக்கியத்தைச் சொன்னவருக்கு யான் மனத்துள்ளே கைகூப்பினேன்.

வெளியே மரநிழலிலே அவர் என்னை மறித்தார். ஓய்வு பெறும் வயதை அணுகிய சிங்களப் பெரியவர். இளமையிலே திருகோணமலையில் வேலைசெய்து தமிழ் பழகியவராம். "மாஸ்டர்தானே சட்டத்தரணிக்குச் சொன்னது?" என்று கேட்டார். யான் சிறிது அஞ்சி, "ஓம், ஐயா" என்றேன். "பாத்தீங்களா, நீங்களும் என்னைத் தமையனாக்கிப் போட்டீங்கள்" என்று சிரித்தார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பக்கமெல்லாம் சிங்கள எழுத்திலே தமிழ்ச் சொற்கள். பேனாவைத் திறந்துகொண்டு, "மாஸ்டர், போன கிழமை ஒரு சாட்சி 'செக்கல்' எண்டு சொன்னவர். அது பின்னேரமோ, இரவோ?" என்றார். செக்கர் வானத்தையும் அதன் பின் வரும் மங்கலையும் விளக்கத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார்.